ஞாயிறு வீக்லி

மருந்தாளுநர் என்று அரசாங்கம் என்னை அழைக்கிறது. ஒரகடம் கூட்டுரோட்டில் யாரும் அப்படி அழைத்ததில்லை. ‘மெடிக்கல் அக்கா’ என்பார்கள். கோபமாக இருந்தால் ‘மாத்திரை விக்கிறவ’. இரண்டுக்கும் நான் திரும்பிப் பார்ப்பேன். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்: “எடுத்துக் குடுக்கத்தானே உக்காந்திருக்க?”

எடுத்துக் கொடுப்பதற்காகத்தான் இரண்டு வருடம் படித்தேன். படித்து முடித்த கையோடு சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சான்றிதழை மட்டும் தன் கடைச் சுவரில் மாட்டிக்கொள்கிறாராம், நான் வீட்டிலேயே இருக்கலாமாம். எங்கள் பக்கம் இது சகஜம். படிப்பு சுவரில் தொங்கும், படித்தவள் அடுப்படியில் நிற்பாள். “அந்தக் கண்ணாடிச் சட்டத்துல என்னையும் சேத்து மாட்டுறதா இருந்தா எடுத்துக்கினு போங்க” என்றேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. நான் சொந்தமாகக் கடை போட்டேன். பதினோரு வருடமாக அது நடக்கிறது.

நான் வாயை மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லை என்று தெரிவதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் ஒரே ஒரு முறை, பேசியே ஆகவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

பென்னலூர் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. கட்டும்போது அது கம்பெனிப் பையன்கள் தங்கும் விடுதி. ஒப்பந்தம் வேறு ஊருக்குப் போனதும் கட்டடம் காலியானது. அடுக்குக் கட்டில்களில் மேலடுக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெத்தையை மாற்றி, முதியவர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொரு அறையிலும் கதவுக்குப் பின்னால் ஆறு கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. முன்பு அடையாள அட்டையும் தொப்பியும் தொங்கிய இடத்தில் இப்போது கைத்தடியும் துணிப்பையும் தொங்குகின்றன. நான் சொல்லும் நாட்களில் பதினெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள்.

அதை நடத்திய மேலாளர், ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி லைனைக் கவனித்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பார். முதியவர்களிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது லைன் ஒன்றுதான். வேலை செய்யும் பெண்களுக்கு ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். சுவரில் வெள்ளைப் பலகை. யார் குளித்தார், யாருக்கு வயிறு போனது, யார் சாப்பிடவில்லை என்று பச்சைப் பொட்டும் சிவப்புப் பொட்டும் அதில் ஒட்டியிருக்கும். ஒரு நாள் முழுப் பலகையும் பச்சையாக இருந்தால் அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி தெரியும்.

மாதாமாதம் அவர்கள் வாட்ஸப்பில் பட்டியல் அனுப்புவார்கள். நான் மருந்தைக் கட்டி எடுத்துப்போய் வாசலை ஒட்டிய ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வருவேன். மருந்து போகும் அறைகளுக்குள் நான் போனதில்லை. யார் அதை விழுங்குகிறார், விழுங்கிய பின் எப்படி இருக்கிறார், எதுவும் எனக்குத் தெரியாது. பட்டியலில் அவர்கள் எல்லாரும் அறை எண்கள்தான்.

மூன்றாம் எண் மட்டும் விதிவிலக்கு. அந்த அறையில் இருந்த அம்மா நீதிமன்றத்தில் தட்டச்சராக வேலை பார்த்தவர். முடக்குவாதம் அவர் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிப் போட்டிருந்தது, நாக்கை ஒன்றும் செய்யவில்லை. மருந்தைக் கம்பெனி மாற்றிக் கொடுத்தால் அன்று மாலையே எனக்குப் போன் வரும்.

“போன மாசம் ரோஸ் கலர். இந்த மாசம் வெள்ளை. உள்ள இருக்கறது ஒண்ணுதான்னு சொல்லப்போற, அப்படித்தானே?”

“ஆமாம்மா, ஒண்ணுதான்.”

“அதை எழுதிக் குடு.”

எழுதிக் கொடுப்பேன். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் மறுபடி போன் வரும். எனக்கு அவரைப் பிடிக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் கூட்டம் நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார். ஆனால் தன் மருந்தை அவ்வளவு தெரிந்துவைத்திருந்த வாடிக்கையாளர் எனக்கு வேறு யாரும் இல்லை.

மாத்திரைகளை அவர் தன் தலைமாட்டில் பிஸ்கட் டப்பாவில் தானே வைத்திருந்தார். அவற்றில் ஒன்று மஞ்சள் மாத்திரை, விரல் வீக்கத்தை அடக்குவது. அதை வாரத்துக்கு ஒன்றுதான் சாப்பிடவேண்டும். ஏழு நாளில் ஒரு நாள் சாப்பிட்டால் மருந்து, தினமும் சாப்பிட்டால் விஷம். வாய் வெந்துபோகும், ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே வரும், கவனிக்காமல் விட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை இட்லிக்குப் பிறகு ஒன்று விழுங்குவார். நான்கு வருடமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

பிறகு மேலாளர் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார். யாரோ ஒரு பெரியவர் மாத்திரைகளை விழுங்காமல் தலையணை உறைக்குள் சேர்த்துவைத்திருந்தாராம். அதனால் இனி யார் கையிலும் மாத்திரை இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வாங்கி, அட்டையிலிருந்து உதிர்த்து, லைனில் திருகாணி போட்டுவைக்கிற சின்ன நீல டப்பாக்களில் போட்டு, அறை எண்ணும் ஷிப்ட் எழுத்தும் ஒட்டிவைத்தார். பெருமையோடு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கீழே ஒரு சாக்கு நிறைய வெறும் அட்டைகள் குப்பைக்குப் போகக் காத்திருந்தன. அட்டையில்தான் மாத்திரையின் பெயர் இருக்கிறது. அது போய்விட்டால் மஞ்சள் மாத்திரை வெறும் மஞ்சள் மாத்திரை.

“சார், அட்டையோட வச்சா நல்லது” என்றேன்.

“அது ஆபரேஷன் சைடு மேடம். நீங்க சப்ளை சைடு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். “ஒரு உதவி பண்ணுங்க. கவர் மேல தமிழ்ல, சுருக்கமா, பெருசா எழுதிக் குடுங்க. பொண்ணுங்க படிச்சுப் போட்டுக்குவாங்க.”

கடையைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவசரம். சரி சார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் வாயை மூடிய இடம் அதுதான். அதற்கு இன்றுவரை எனக்குள் சமாதானம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை எல்லா மருந்தையும் புதுக் கவர்களில் போட்டு அனுப்பினேன். மூன்றாம் அறையின் மஞ்சள் மாத்திரை அட்டையில் பத்து இருக்கும், பத்து வாரத்துக்கு வரும். அந்தக் கவர் மேல் தடித்த பேனாவால் எழுதினேன்: ‘வீக்லி – ஞாயிறு’.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். இல்லத்திலிருந்து பட்டியல் வந்தது. டயபர், இருமல் மருந்து, அதற்குக் கீழே ‘ரூம் 3 மஞ்ச மாத்திர தீந்துருச்சு’.

பத்து வாரத்துக்கான மாத்திரை. முதலில், கீழே கொட்டிவிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன், அப்படி நினைக்கவே விரும்பினேன். பிறகு போன் செய்தேன். ஏ ஷிப்டில் இருந்த பெண் எடுத்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனி லைனில் ஒப்பந்த வேலைக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் இங்கே சேர்ந்தவள். நல்ல பொறுப்பு.

“மஞ்சள் மாத்திரை எப்படிம்மா தீந்துச்சு?”

“நீங்க எழுதுனபடிதான்க்கா குடுத்தேன். ஞாயித்துக்கெழம வீக்லி விட்டுட்டு, மத்த நாளெல்லாம் ஒரு நாள் தவறாம குடுத்துருக்கேன்.”

போனைக் காதில் வைத்தபடியே ‘வீக்லி – ஞாயிறு’ என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

இந்தப் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு இது புரியாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் எந்த டீக்கடையில் நின்றும் ‘உனக்கு வீக்லி எப்போ?’ என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிறு, புதன் என்று பதில் வரும். வீக்லி என்றால் இங்கே வாரத்துக்கு ஒரு முறை இல்லை. வார விடுப்பு. வேலை இல்லாத நாள். வீட்டுக்காரருக்கு வீக்லி மாறியதால் கல்யாணத்துக்கு வரவில்லை என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் வீக்லி. அந்தப் பெண் என் கவரைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள். மாத்திரைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் ஆளைக் கட்டிக்கொண்டு, இந்த ஊர்ப் பேச்சைப் பேசுகிற நான், அதை எழுதும்போது மட்டும் புத்தகத்தில் படித்தவளாக எழுதித் தொலைத்தேன்.

முதலில் பயந்தது அந்த அம்மாவுக்காக என்று சொன்னால் பொய். கவரில் இருப்பது என் கையெழுத்து என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நிமிடம்தான் கணக்குப் போட்டேன். திங்கள் முதல் சனி வரை ஆறு, ஞாயிறு விட்டு, மறுபடி திங்கள் முதல் இன்று வரை நான்கு. பதினோரு நாளில் பத்து விழுங்கியிருக்கிறார்.

“அந்தம்மா எப்படி இருக்காங்க?”

“மூணு நாளா சரியாச் சாப்புட மாட்டுக்காவக்கா. பேசவும் மாட்டுக்காவ. டப்பாவ வாங்குனதுலேந்து கோவம். அடம் புடிக்காங்கன்னு சார் போர்டுல செவப்பு ஒட்டிட்டாரு.”

கடை ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

வாசலில் காவலாளி, “இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்துகினு கீற?” என்றார். பதில் சொல்லாமல் உள்ளே போனேன். ஆபீஸ் வாசலில் மேலாளர் நின்றார். நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் நம்பவில்லை. கவர்களைப் பார்த்துத் தானே போட்ட மருந்து சார்ட்டில் உள்ளபடி நடந்திருக்கிறது, சார்ட் தப்பாக இருக்க வழியில்லை என்றார்.

“நான் அவங்க வாயைப் பார்க்கணும் சார்.”

“மேடம், நீங்க மருந்து சப்ளை பண்றவங்க. வாயைப் பார்க்கறது டாக்டர் வேலை. சனிக்கிழமை விசிட் வர்றார்.”

“சனிக்கிழமை வரைக்கும் அவங்க இருக்கணுமே.”

“உள்ள போக உங்களுக்கு பர்மிஷன் கிடையாது.”

“அப்போ போலீசைக் கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள நான் பார்த்துட்டு வந்துடறேன்.” அவரைத் தாண்டி நடந்தேன். ஆளைத் தள்ளவில்லை. அவராக ஒதுங்கினார், அதைச் சொல்லிவிடவேண்டும்.

மூன்றாம் அறையில் அந்தப் பெண் ரசம் சாதத்தைக் குழைத்து ஒரு கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். போனில் மட்டுமே சண்டை போட்ட ஆளை அன்றுதான் நேரில் பார்த்தேன். நான் நினைத்ததில் பாதி உருவம்கூட இல்லை.

“அம்மா, நான் மெடிக்கல்காரி. வாயை மட்டும் திறங்க.”

கொஞ்சம்தான் திறந்தார். உள்ளே எல்லாம் புண். உதட்டின் உட்புறம், நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், எங்கே பார்த்தாலும் சிவந்து தோல் உரிந்திருந்தது. முழங்கையில் நீலத் திட்டுகள். மூன்று நாளாக அந்த வாயில் மிளகு ரசத்தை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் திறக்க மறுத்ததற்குப் பெயர் அடம்.

அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “முத நாளே சொன்னாவக்கா. திங்கக்கெழம. இது இன்னைக்குக் கெடையாது, ஞாயித்துக்கெழம மட்டுந்தான்னு. நான் சார்கிட்டப் போயிக் கேட்டேன். வயசானவங்களுக்குக் கெழம மறந்துரும், சார்ட்ல உள்ளத குடுன்னுட்டாரு. மறுநாளும் துப்பப் பாத்தாவ. அதுக்கப்புறம் பொடி பண்ணிச் சாதத்துல போட்டோம்.”

இதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. நான்கு வருடம் ஒரு ஞாயிறும் தவறாத மனுஷிக்குக் கிழமை மறந்துவிட்டதாம். தன் உடம்பில் எது போகிறது என்று தெரிந்து வேண்டாம் என்று சொன்ன ஒருவருக்கு, சோற்றில் ஒளித்து ஊட்டியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. அக்கறையோடு ஊட்டினார்கள். அக்கறையோடு ஊட்டினாலும் விஷம் விஷம்தான்.

இல்லத்துக்கு வந்துபோகும் டாக்டருக்கு அங்கேயே நின்று போன் செய்தேன். வாய்ப்புண் என்றதும், சத்து மாத்திரை கொடுங்கள், சனிக்கிழமை பார்க்கிறேன் என்றார். போனை வைக்கப் போனார்.

“சார், வாரத்துக்கு ஒண்ணு போடவேண்டியதை பதினோரு நாள்ல பத்து போட்டிருக்காங்க.”

அவர் குரல் மாறியது. “பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. இப்பவே. மாற்று மருந்து இருக்கான்னு கேட்டுட்டு அனுப்புங்க.”

அந்த மாத்திரையின் விஷத்தை முறிக்க ஒரு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. எந்த ஆஸ்பத்திரியில் இருப்பு இருக்கிறது என்று நான்கு இடத்துக்குப் போன் செய்து கண்டுபிடித்தேன். எடுத்துக் கொடுக்கிறவளுக்குத்தான் எது எங்கே இருக்கும் என்று தெரியும். ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். மதிய ஷிப்ட் மாறுகிற நேரம், சாலை முழுக்கக் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும். டிரைவர் சைரனைப் போட்டுக்கொண்டே எதிர்ப்பக்கமாக ஏற்றி ஓட்டினார். அந்த அம்மா என் புடவைத் தலைப்பை மடங்கிய விரல்களால் பிடித்துக்கொண்டே வந்தார். விடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

அவசர சிகிச்சையில் இருந்த டாக்டர், “நீங்க யாரு, மகளா?” என்றார்.

“மருந்தாளுநர்” என்றேன். இல்லத்திலிருந்து கையோடு எடுத்துவந்த கவரை நீட்டி, மருந்தின் பெயர், அளவு, தேதி எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் நர்ஸைக் கூப்பிட்டு ஊசியைத் தொடங்கச் சொன்னார்.

முதல் வாரம் பிழைப்பாரா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ரத்தம் ஏற்றினார்கள். காய்ச்சல் வந்தது, தனி அறைக்கு மாற்றினார்கள். நான் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு கவர் மேலும் எழுதியதை மூன்று தடவை படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து டீ குடிக்கும்போது அவரிடம் அந்தக் கவரைக் காட்டினேன்.

“வீக்லி ஞாயிறுனு எழுதிக்கீது. நீ இன்னானு படிப்ப?”

தலையைத் தூக்காமல், “ஞாயித்துக்கிழம லீவு” என்றார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். “இத்த போய் யார்கிட்டயும் சொல்லிகினு இருக்காத. லைசென்ஸை புடுங்கிக்குவாங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் இரண்டு நாள் அப்படித்தான் யோசித்தேன்.

பத்தாம் நாள் மேலாளர் என்னை இல்லத்துக்குக் கூப்பிட்டார். அந்த அம்மாவின் மகள் பெங்களூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். அழுது வீங்கிய கண்கள். அந்தத் திருநெல்வேலிப் பெண் சுவரோரமாக நின்றாள். மேலாளர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ஊழியரின் கவனக்குறைவால் மருந்து தவறாக வழங்கப்பட்டது, மருந்துக்கடையிலிருந்து சரியான குறிப்புடன்தான் வந்தது, ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். சாட்சியாக என் கையெழுத்து வேண்டும். எனக்கும் அது நல்லதுதான் என்பது அவர் பார்வையில் தெரிந்தது.

பையிலிருந்து கவரை எடுத்து மேசையில் அந்த மகளின் முன்னால் வைத்தேன்.

“இது என் எழுத்து. ‘வீக்லி ஞாயிறு’ன்னு எழுதினது நான். கம்பெனியில வேலை பார்த்த பொண்ணு அதை லீவுன்னுதான் படிக்கும். என் வீட்டுக்காரரே அப்படித்தான் படிச்சார். தப்பு என்கிட்டேர்ந்து ஆரம்பிச்சுது. இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“மேடம், யோசிச்சுப் பேசுங்க” என்றார் மேலாளர்.

“யோசிச்சுட்டேன் சார். நான் எழுதினது தப்பு. ஆனா அதைத் திருத்த மூணு சான்ஸ் இருந்துது. அட்டையோட வச்சிருந்தா அதுலயே படிச்சிருக்கலாம். அவங்க வாயால சொன்னதை நம்பியிருந்தா முதல் நாளே நின்னிருக்கும். என்னை உள்ள விட்டிருந்தா நானே பார்த்திருப்பேன். நீங்க மூணையும் அடைச்சீங்க. இந்தப் பொண்ணு ஒருத்திதான் உங்ககிட்ட வந்து கேட்டா. அவளை அனுப்பறீங்க.”

“ஒரு சிஸ்டம்னா அதுல ஆளாளுக்குக் கேள்வி கேட்க முடியாது. லைன்ல ஒவ்வொரு பார்ட்டும் எனக்கு இது வேண்டாம்னு சொல்லிக்கிட்டு இருந்தா…”

“பார்ட் ரிஜெக்ட் ஆனா ஸ்கிராப்ல போட்டுடலாம் சார். இவங்களை எங்க போடுவீங்க?”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மகள் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்மேல் புகார் கொடுத்தால் நியாயம்தான் என்று அவரிடம் சொன்னேன், கொடுத்தால் நான் மறுக்கமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் கவரைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா எழுந்து வரட்டும். புகார் குடுக்கறதா வேணாமான்னு அவங்களே சொல்லட்டும். அவங்க ஏற்கெனவே ஒண்ணு சொல்லி யாரும் கேக்கலை” என்றார்.

அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்றும், நான் வாரம் ஒரு நாள் உள்ளே வந்து எல்லார் மருந்தையும் பார்க்கவேண்டும் என்றும் மகளே மேலாளரிடம் எழுதி வாங்கினார். இல்லையென்றால் அம்மாவைக் கூட்டிப்போவதோடு, ஏன் கூட்டிப்போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றார். மேலாளர் கையெழுத்துப் போட்டார். பேனா மூடியைத் திரும்பப் போட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவருக்கும் அந்தப் பத்து நாளாகத் தூக்கம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது. பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுக்கிற விஷயம் இல்லை இது.

முதல் நாள் உள்ளே போய்ப் பதினெட்டுப் பேரின் நீல டப்பாக்களையும் மேசையில் கொட்டிப் பார்த்தேன். ஒரு தாத்தாவுக்கு ஒரே ரத்த அழுத்த மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு வேளை போய்க்கொண்டிருந்தது. எழுந்தால் தலைசுற்றி விழுகிறார் என்று கட்டிலில் கம்பி அடித்திருந்தார்கள். இன்னொரு அம்மாவுக்கு எப்போதோ ஆஸ்பத்திரியில் ஐந்து நாளுக்கு எழுதிய தூக்க மாத்திரையை இரண்டு வருடமாக நிறுத்தவில்லை. பகலெல்லாம் தூங்கி வழிகிறார், வயசாகிவிட்டது என்றார்கள். பொடி செய்யவே கூடாத மாத்திரை ஒன்றைப் பொடி செய்து கஞ்சியில் கலந்தார்கள். எல்லாவற்றையும் எழுதி டாக்டருக்கு அனுப்பினேன். முதல் தாள் அவருக்குப் பிடிக்கவில்லை, நீங்கள் எனக்கு வைத்தியம் சொல்லித் தருகிறீர்களா என்று கேட்டார். இரண்டாவது தாளுக்கு அவராகவே போன் செய்தார். தாத்தாவின் கட்டில் கம்பியைக் கழற்றிவிட்டார்கள்.

என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். ஆமாம். பிடித்தவள்தான்.

தட்டச்சர் அம்மா ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பிவந்தார். முடி கொட்டி, முகம் சுருங்கி, குரல் மட்டும் பழையபடி. முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“நீதான் எழுதினியாமே?”

“ஆமாம்மா.”

“ஏன் ஒத்துக்கிட்ட?”

“என் எழுத்தாச்சே.”

“புகார் எழுதலாம்னு இருந்தேன். விரல் ஒத்துழைக்கலை” என்றார். அது கேலியா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மருந்து இல்லாமல் அவர் கைகள் மோசமாயின. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, மற்றவர்கள்தான் ஊட்டவேண்டியிருந்தது. ஊட்டிவிடுவதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நான்கு மாதம் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்த பிறகு, அதே மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிக்கலாம், விருப்பம் இருந்தால் மட்டும், என்றார் டாக்டர். இரண்டு நாள் யோசித்துவிட்டு அந்த அம்மா சரி என்றார். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் மாத்திரையை நீங்களே வந்து கொடுங்கள் மேடம், எங்களுக்குக் கை வரவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி ஆனதும் போனேன். அட்டையை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். பெயரை எழுத்தெழுத்தாக, தேதியை, அளவை எல்லாம் படித்தார். கவரைத் திருப்பிப் பார்த்தார். அதில் ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று. மற்ற ஆறு நாளும் கொடுக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தேன். பிழை இருக்கிறதா என்று அதையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தார். மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அந்தக் கையை அவரால் மூடவும் முடியவில்லை, விரிக்கவும் முடியவில்லை. மாத்திரை உருண்டுவிடாமல் என் கையைக் கீழே ஏந்தினேன்.

“நாளைக்கு இதையே எடுத்துக்கிட்டு வந்து குடுத்தா?”

“வாங்காதீங்க.”

“டாக்டர் குடுத்தா?”

“வாங்காதீங்க.”

“நீயே வந்து குடுத்தா?”

“நானே குடுத்தாலும் வாங்காதீங்கம்மா. வாயைத் திறக்காதீங்க.”

“அடம் பிடிக்கிறேன்னு சொல்லுவாங்க.”

“பிடிங்க” என்றேன்.